பீருக்கு ஒரு வரி, ஒயினுக்கு ஒரு வரி: 110ஆம் பிரிவு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியச் செயற்பாட்டு ஒப்பந்தத்தின் 110ஆம் பிரிவில் இரண்டு பத்திகள் ஏன்?

பதில்: முதல் பத்தி ஒரே மாதிரியான சரக்குகளுக்கு. அதில் சிக்கினால் வேறு உறுப்பு நாட்டிலிருந்து வரும் சரக்கின் வரி, உள்நாட்டுச் சரக்கின் வரியை ஒரு சென்ட்கூடத் தாண்டக் கூடாது. இரண்டாவது பத்தி, ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கத்தக்க சரக்குகளுக்கு. அங்கே வரி வேறுபடலாம். ஆனால் அந்த வேறுபாடு உள்நாட்டுச் சரக்குக்கு அரணாகிவிடக் கூடாது. ஆகவே எந்தப் பத்தி என்பதை முதலில் தீர்மானியுங்கள். 1986இல் டென்மார்க்கின் பழ ஒயினும் ஸ்காட்ச் விஸ்கியும் ஒரே மாதிரியானவை அல்ல என்றது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம். ஒன்று புளிக்க வைத்தது, மற்றது காய்ச்சி வடித்தது. சாராய அளவும் 20 சதவீதத்துக்கு மேற்படாதது, 40 சதவீதம் என்று விலகி நின்றது.

கேள்வி: பிரிட்டனின் பீர், ஒயின் வழக்கில் எதை எதோடு ஒப்பிட்டார்கள்?

பதில்: வழக்கு எண் 170/78. பீர் உள்நாட்டுச் சரக்கு, ஒயின் பெரும்பாலும் இறக்குமதி. தீர்ப்பு வர 1983 ஆயிற்று; தாமதத்துக்குக் காரணமே இந்த ஒப்பீடுதான். அளவு, சாராய வீதம், விலை என்று மூன்று அளவுகோல்களையும் பார்த்தார்கள். எந்த ஒயின் என்பதுதான் முக்கியம். பீருக்கு மாற்றாகக் குடிக்கப்படுவது மலிவான, லேசான ஒயின். விலை உயர்ந்ததை எடுத்தால் கணக்கே பிசகும். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் ஒயின் சுமந்தது பீரைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு வரி. சாராய வீதப்படி பார்த்தாலும் இரு மடங்குக்குக் குறையவில்லை.

"எங்கள் மக்களுக்குப் பீர்தான் பழக்கம்" என்று பிரிட்டன் வாதிட்டது. அந்தப் பழக்கத்தை வரியால் உறைய வைக்கக் கூடாது என்பது நீதிமன்றத்தின் பதில். இந்தத் துறையில் எனக்கு இதைவிடப் பயன்பட்ட வாக்கியம் இல்லை. 1984 பட்ஜெட்டில் ஒயின் வரி குறைந்தது, பீர் வரி ஏறியது.

கேள்வி: வரிச் சட்டத்தில் "வெளிநாட்டு" என்ற சொல்லே இல்லையென்றால்?

பதில்: விளைவைப் பாருங்கள். பிரான்ஸில் அப்போது 16 வரிக் குதிரைத்திறன் (வரி போடுவதற்காகக் கணக்கிடும் எஞ்சின் திறன்) வரையான கார்களுக்கு ஏறுவரிசையில் அதிகபட்சம் 1,100 பிராங்க். அதைத் தாண்டினால் ஒரேயடியாக 5,000. பிரெஞ்சு நிறுவனம் எதுவும் 16ஐத் தாண்டிய கார் செய்யவில்லை. 1985இல் (112/84) அந்த வரி செல்லாது என்றானது. படிப்படியாக ஏறுவது குற்றமில்லை. அந்தத் தாவல்தான் குற்றம்.

ஆனால் 1,800 சி.சி.க்கு மேல் கூடுதல் வரி வாங்கிய கிரேக்கம் 1990இல் (132/88) தப்பித்தது. அந்த வரியைத் தவிர்க்க விரும்புபவர் சற்றுச் சிறிய காரை வாங்கினாலும், 1,600 முதல் 1,800 சி.சி. வரை இருந்தவை எல்லாம் இறக்குமதிக் கார்களே. ஆகவே அந்த வரி உள்நாட்டுக் காருக்கு அரணாகவில்லை.

கேள்வி: வேறொரு உறுப்பு நாட்டிலிருந்து பழைய கார் கொண்டுவந்தேன். பதிவு வரி நியாயமா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: புதிதாக 20,000 யூரோ விலையுள்ள காரில் 4,000 பதிவு வரி என்று வைத்துக்கொள்வோம். அதே மாதிரி, அதே கிலோமீட்டர் ஓடிய, உள்நாட்டில் பதிவான பழைய கார் 10,000க்குப் போனால், அதன் விலைக்குள் மிச்சமிருக்கும் வரி 2,000. உங்களிடம் 2,000க்கு மேல் கேட்டால் அது விதிமீறல். வயதை மட்டும் வைத்த அட்டவணை பெரும்பாலும் பிசகும். ஓடிய தூரத்தையும் நிலையையும் காட்டி அதை மறுக்க உங்களுக்கு வழி இருக்க வேண்டும். உள்ளூர் விற்பனை விளம்பரங்களைத் தேதியோடு சேமித்து வையுங்கள். வென்றால் கட்டிய நாளிலிருந்து வட்டியும் சேர்த்துக் கேளுங்கள்.

கேள்வி: உள்நாட்டில் அந்தச் சரக்கே தயாராகாவிட்டால்?

பதில்: அப்போது புதிய கார்களுக்கு 110 பொதுவாக உதவாது, டென்மார்க் வழக்கு (சி-47/88) அப்படித்தான் முடிந்தது. பழைய கார்களின் கதை வேறு. உள்நாட்டில் ஏற்கெனவே பதிவாகி விற்பனைக்கு வருபவை உள்நாட்டுச் சரக்காகக் கணக்கில் வரும்.