பேக்கப்பில் ஏறாத 37 இரவுகள்: பொறுப்பு யாருடையது?

கேள்வி: சுங்கை சிப்புட் பட்டணத்தில் கணினிக் கடை வைத்திருக்கிறேன். பெரிய நிறுவனம் ஒன்றிடம் கிளவுட் இடத்தை வாடகைக்கு எடுத்து, மாதம் 80 ரிங்கிட்டுக்குச் சிறு வணிகர்களின் கோப்புகளை ஒவ்வோர் இரவும் பேக்கப் எடுத்து வைக்கிறேன். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு கிளினிக்கின் கணினியை, பணம் கேட்டு மிரட்டும் தீங்கு நிரலான ரேன்சம்வேர் பூட்டிவிட்டது. மீட்கப் பார்த்தபோதுதான், நோயாளிப் பதிவுகள் 37 இரவுகளாக ஏறவே இல்லை என்று தெரிந்தது. டாக்டர் 18,000 ரிங்கிட் நட்டஈடு கேட்கிறார். ‘தரவு இழப்புக்கு நாங்கள் எவ்வகையிலும் பொறுப்பல்ல’ என்று என் பில்லில் அச்சிட்டிருக்கிறேன். அது என்னைக் காப்பாற்றுமா?

பதில்: ஐயா, அந்த ஒரு வரியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். ஒப்பந்தம் முடிந்த பிறகு கைக்கு வரும் பில்லில் உள்ள வாசகம் ஒப்பந்தத்தின் பகுதிதானா என்பதே முதல் தகராறாகும். மாதாமாதம் அதே பில்லைப் பார்த்துப் பணம் கட்டியவர் அதை அறிந்தே ஏற்றார் என்று நீங்கள் வாதிடலாம். அப்படியே ஏற்கப்பட்டாலும், நட்டஈடு கேட்கும் உரிமையை முழுவதுமாக அடைத்துவிடும் வாசகம் மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2018இல் ஒரு வங்கி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. பொறுப்பை அடியோடு மறுப்பது வேறு, நியாயமான ஒரு தொகைக்குள் வரம்பிடுவது வேறு. பின்னது நிற்க வாய்ப்பு அதிகம்.

நீங்கள் அனுப்பிய லாக் கோப்பை, அதாவது ஒவ்வோர் இரவும் பேக்கப்பில் நடந்ததன் பதிவை, வரி வரியாகப் படித்தேன். இரவு 11.30க்கு, ‘கோப்பு பயன்பாட்டில் உள்ளது, தவிர்க்கப்பட்டது’ என்ற அதே வரி 37 முறை வருகிறது. முகப்பில் இருப்பவர் நோயாளி மென்பொருளை மூடாமல் வீட்டுக்குப் போனது கிளினிக்கின் கவனக்குறைவுதான். ஆனால் 37 எச்சரிக்கை மின்னஞ்சல்களும் நீங்கள் திறந்து பார்ப்பதை நிறுத்திவிட்ட பழைய முகவரிக்கே போயிருக்கின்றன. வழக்கு இந்த இடத்தில்தான் உங்களுக்கு எதிராகத் திரும்பும். ஏனெனில் டாக்டர் உங்களிடம் வாங்கியது வெறும் இடத்தையல்ல, வேண்டிய நாளில் மீட்டுத் தருவீர்கள் என்ற உறுதியை. இடம் கொடுத்த பெரிய நிறுவனத்தின் மீது பழி போடவும் இயலாது; டாக்டருக்கு ஒப்பந்தம் உங்களோடுதான்.

எனினும் 18,000 ரிங்கிட்டை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்த மீறலிலிருந்து இயல்பாக எழும் இழப்புக்கோ, நேரக்கூடும் என்று ஒப்பந்தம் செய்தபோதே இருவரும் அறிந்திருந்த இழப்புக்கோதான் ஈடு உண்டு. அதைச் சரிசெய்யத் தமக்கு இருந்த வழிகளை டாக்டர் பயன்படுத்தினாரா என்பதும் கணக்கில் வரும். ஆய்வுக்கூட அறிக்கைகளும் காப்புறுதி நிறுவனங்களுக்கு அனுப்பிய பில்களும் வெளியே இருக்கும். அவற்றைக் கொண்டு பதிவுகளை மீண்டும் கட்ட உதவுவதாக, பொறுப்பை ஒப்புக்கொள்ளாத வகையில் எழுதப்பட்ட கடிதம் ஒன்றை வழக்கறிஞர் வழியாக அனுப்புங்கள். லாக் கோப்பில் ஒரு வரியையும் அழிக்காதீர்கள்.

இதைவிட அவசரமானது ஒன்று உண்டு. செம்பனைத் தோட்டங்களிலிருந்து வரும் முதியவர்களின் சர்க்கரை, இரத்த அழுத்த விவரங்கள் உடல்நலம் சார்ந்த நுண்ணிய தரவுகள். 2025 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள விதிப்படி, இத்தகைய தரவு மீறலைக் கிளினிக் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கும், அதிலிருந்து 7 நாள்களுக்குள் நோயாளிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். தவறினால் 250,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கெடு கடந்திருந்தால், தாமதத்தின் காரணத்தை எழுத்தில் விளக்கி டாக்டர் உடனே அறிவிக்க வேண்டும். அதற்கு வேண்டிய விவரங்களை இன்றே கொடுத்துவிடுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் பாதுகாப்புக் கடமை தரவைக் கையாளும் உங்கள் மீதும் நேரடியாக விழுகிறது. அதை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம்.

மற்ற வாடிக்கையாளர்களோடு இந்த மாதமே எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். எந்தக் கோப்புறைகள் ஏறும், எவை ஏறா, எத்தனை நாள் பிரதிகள் நிற்கும், பொறுப்பின் உச்சவரம்பு என்ன, பணம் கட்டாவிட்டால் எத்தனை நாள் முன்னறிவிப்புக்குப் பின் கணக்கு மூடப்படும், விலகும்போது தரவைத் திருப்பிக் கொடுத்து அழிப்பது எப்படி என்பவையெல்லாம் அதில் இருக்கட்டும். தொடர்ந்து இரண்டு இரவு தோல்வி என்றால் மின்னஞ்சலோடு நிற்காமல் தொலைபேசியில் அழையுங்கள். ரேன்சம்வேர் தொட முடியாதபடி, குறித்த காலம்வரை மாற்றவோ அழிக்கவோ இயலாத பிரதி ஒன்றையும் வைத்திருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில கோப்புகளை வாடிக்கையாளர் முன்னிலையில் மீட்டுத் திறந்து காட்டி, தேதியிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.