வாசகி கேள்வி: அங்கே மறுபடி போகப் பயமாக இருக்கிறது

கேள்வி: முதல் பிரசவத்தில் வலி தாங்காமல் கத்தினேன். நர்ஸ் தொடையில் ஓங்கி அடித்தார். "புருஷனோட படுக்கும்போது இனிச்சுதா?" என்று கேட்டார். வயிற்றை அழுத்தித் தள்ளினார்கள். மரத்துப்போக ஊசி போடாமலே தையல் போட்டார்கள். இப்போது ஐந்தாம் மாதம். மாமியார், "எல்லாரும் பட்டதுதானே" என்கிறார். இரண்டாவதை வீட்டிலேயே பெற்றுக்கொள்ளட்டுமா?
- பெயர் வேண்டாம், பெரம்பலூர்

பதில்: மகளே, லேபர் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அடித்தால் பிள்ளை சீக்கிரம் வராது. பயத்தில் உடம்பு இறுகி, முக்கவேண்டிய நேரத்தில் முக்க முடியாமல் போகும். ராத்திரி ஷிப்டில் ஒரே நர்ஸ் பல கட்டில்களைப் பார்க்கும் களைப்பு எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சு களைப்பில் வருவதில்லை. டாக்டருக்குச் சொந்தக்காரப் பெண் படுத்திருந்தால் அதே வாய் அப்படிப் பேசியிருக்காது.

வயிற்றை அழுத்தித் தள்ளுவது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொல்லிவிட்டது. மரத்துப்போக ஊசி போடாமல் தையல் போட்டது கொடுமை, சிக்கனம் அல்ல.

ஆனால் வீட்டில் மட்டும் வேண்டாம். பிள்ளை பிறந்த பின் ரத்தப்போக்கு வந்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை அது காத்திருக்காது. அதை நிறுத்தும் ஊசியும் ஏற்ற வேண்டிய ரத்தமும் ஆஸ்பத்திரியில்தான் உண்டு. அதே இடத்துக்குத்தான் போகவேண்டும் என்று கட்டாயமும் இல்லை. மற்ற பெண்கள் எங்கே மரியாதையாக நடத்தப்பட்டார்கள் என்று உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேள். அவருக்குத் தெரியும்.

முக்கியமாக, தனியாக உள்ளே போகாதே. அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்று மத்திய அரசு 2016-லேயே அனுமதித்துவிட்டது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த 2017-இல் வந்த லக்ஷ்யா திட்டமும் அதை வலியுறுத்துகிறது. துணைக்கு வருகிறவள் பிள்ளை பெற்றவளாக, தொற்றுநோய் இல்லாதவளாக இருக்க வேண்டும். சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது. மாமியார் வேண்டாம், அம்மாவோ அக்காவோ, வாய் திறந்து கேட்கிற ஒருத்தி வரட்டும். யார் வருவார் என்பதை ஏழாம் மாதச் செக்கப்பிலேயே சொல்லிவை. கண் எதிரே ஒருத்தி நிற்கும்போது ஓங்கிய கை இறங்கிவிடும், பார்த்திருக்கிறேன்.

அப்புறம் புகார். நாள், ஷிப்ட், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் இப்போதே எழுதிவை. கேஸ் ஷீட் நகல் கேள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடு, 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் சொல்லலாம். பழிவாங்குவார்களோ என்று பயந்தால், வேறு இடத்தில் பெற்றுக்கொண்டு வந்த பிறகு கொடு.