மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வெள்ளையினப் பெரியவர்களுக்கு வரும் நோய்தானே, கறுப்பினக் குழந்தைகளுக்கும் வருமா?

வரும். "வெள்ளையர் நோய்" என்ற இந்த எண்ணத்தாலேயே பல பிள்ளைகளுக்கு நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. அட்லாண்டாவில் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாக இருப்பதால் இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மையலின் என்ற பாதுகாப்பு உறையைத் தாக்குவதுதான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். ஒரு சிறு பங்கினருக்கு 18 வயதுக்கு முன்பே வந்துவிடுகிறது. தெற்கு கலிபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனத்தின் பதிவுகளை வைத்து 2013இல் வெளியான ஆய்வில், கறுப்பினத்தவருக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு வெள்ளையரைவிட 47 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. குறிப்பாகப் பெண்களுக்கு. அதற்கு முன் 2011இல் குழந்தைகளை மட்டும் பார்த்தபோதும், மையலின் சிதையும் நோய்கள் கறுப்பினக் குழந்தைகளிடம்தான் கூடுதலாக இருந்தன.

நான் சிகிச்சை கொடுத்த ஒரு கறுப்பினச் சிறுமிக்கு முதலில் ஒரு கண் மங்கியது. கண்ணாடி போட்டு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கால் மரத்தது. வகுப்பில் சோர்ந்து படுத்தால் "சோம்பேறி" என்று பெயர். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது மூளையில் பழைய தழும்புகளும் இருந்தன. அந்தச் சோர்வும் நோயின் ஒரு பகுதிதான் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு நோய் அடிக்கடி திரும்பத் தாக்கும். அதனால் தாமதம் ஆபத்து. நல்ல மருந்து இல்லாமலும் இல்லை. 10 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஃபிங்கோலிமோட் மாத்திரையை 2018இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது. எம்.எஸ்.ஸுக்குப் போடும் இன்டர்ஃபெரான் ஊசியோடு ஒப்பிட்ட சோதனையில், இந்த மாத்திரை எடுத்த பிள்ளைகளுக்கு நோய் திரும்பத் தாக்குவது 82 சதவீதம் குறைந்தது.

ஒரு கண் திடீரென மங்கினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ, நடை தள்ளாடினாலோ குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் உடனே போங்கள். மாக் (MOG), அக்வாபோரின்-4 ஆன்டிபாடிகளுக்கான ரத்தப் பரிசோதனைகளையும் கேளுங்கள். எம்.எஸ். போலவே தெரியும் வேறு நோய்களைப் பிரித்தறிய இவை உதவும், சில எம்.எஸ். மருந்துகள் அவற்றை மோசமாக்கும்.

பள்ளியிலும் பேசுங்கள். அமெரிக்காவில் உடல்நலக் குறையுள்ள மாணவர்களுக்குப் பள்ளியில் சலுகை தரும் 504 திட்டம் என்று ஒன்று உண்டு. தேர்வில் கூடுதல் நேரம், இடையில் ஓய்வு, வெயிலில் விளையாட்டு வகுப்பிலிருந்து விலக்கு எல்லாம் அதன் மூலம் கேட்டு வாங்கலாம். சூடு ஏறினால் அறிகுறிகள் கூடும் என்பதால் அந்தக் கடைசி விலக்கை விட்டுவிடாதீர்கள்.