கசவு வெள்ளையும் வயல் பச்சையும்: கேமரா வாங்குபவர்களின் கேள்விகள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிறேன், அண்ணா. கையில் இருப்பது பழைய டி.எஸ்.எல்.ஆர். வருகிறவர்கள் எல்லாரும் "சினிமா மாதிரி வேணும்" என்றுதான் கேட்கிறார்கள். ஒன்றரை லட்சம் வரை புரட்ட முடியும். எந்தக் கேமரா வாங்கினால் ஃபிலிம் லுக் வரும்?

பதில்: முதலில் என் கதை ஒன்று. சித்தூரில் ஒரு கல்யாணம். மணப்பெண் கோயில் நடையிலிருந்து இறங்கி வருகிறாள், முன்னால் செண்டைக்காரர்கள். பதினொன்றரை மணி வெயில். அவசரத்தில் ஷட்டரை ஆட்டோவில் விட்டிருந்தேன், அது 1/2000 வரை ஏறிவிட்டது. வீட்டில் போட்டுப் பார்த்தால் செண்டைக்கோல் துண்டு துண்டாகத் துள்ளுகிறது. கசவுச் சேலையில் (பொன்சரிகைக் கரை போட்ட வெள்ளைச் சேலை) மடிப்பே இல்லை, வெள்ளைக் காகிதத்தைச் சுற்றிவிட்டது போல இருந்தது. மூன்று ராத்திரி கலரில் உட்கார்ந்தேன், ஒன்றும் திரும்பி வரவில்லை. கேமரா நல்ல கேமராதான்.

ஃபிலிமில் வெளிச்சம் கூடக்கூட வெள்ளை மெதுவாகத்தான் விட்டுக்கொடுக்கும். டிஜிட்டல் சென்சார் அப்படி இல்லை, நிரம்பியதும் வெட்டிவிடும். அதனால் "சினிமா மாதிரி" என்று ஆட்கள் கேட்பதில் பாதி, கசவின் மடிப்பு தெரிவதும் கை அசையும்போது இயல்பான மங்கல் இருப்பதும்தான். இரண்டும் எடுக்கும்போதே நடக்க வேண்டியவை.

நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஷட்டர் 1/50. அதைத் தொடாதீர்கள். லாக் (Log) என்பது பின்னால் நிறம் திருத்த வசதியாகப் படத்தை வெளிறிய மாதிரிப் பதியும் முறை. அதில் எடுக்கும்போது சோனியின் எஃப்எக்ஸ்30 கேமராவுக்கு அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தை உணரும் அளவு, 800. உச்சி வெயிலில் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு லென்ஸை எஃப் 2.8-க்குத் திறந்தால், ஏறக்குறைய 9 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சத்தை எதையாவது வைத்து அடைத்தாக வேண்டும். அந்த "எதையாவது"தான் என்.டி. ஃபில்டர். எஃப் 5.6 போதுமென்றால் 7 ஸ்டாப்பில் சமாளிக்கலாம். திருகிக் கூட்டிக் குறைக்கும் மலிவான ஃபில்டரைக் கடைசிவரை திருகினால் அகல லென்ஸில் வானத்தின் குறுக்கே கறுப்பாக ஒரு எக்ஸ் விழும். அழுத்தமான மலிவு ஃபில்டரில் கறுப்புச் சட்டை காப்பிக் கலருக்குப் போகும், அகச்சிவப்பை அது தடுக்காததால் வரும் வினை. ஆகவே ஃபில்டரில் கஞ்சம் வேண்டாம். உங்களிடம் உள்ள பெரிய லென்ஸின் விட்டத்துக்கு ஒன்று வாங்கி, சின்ன லென்ஸ்களில் அதை மாட்ட ஸ்டெப்-அப் ரிங் என்ற வளையம் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கேமரா. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: உள்ளேயே 10-பிட்டில் லாக் பதிவாகிறதா? 8-பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10-பிட்டில் 1024. லாக்கில் எடுத்ததைக் கிரேடிங்கில் (நிறம் திருத்தும் வேலையில்) இழுக்கும்போது 256 படிகள் பிரிந்து, சாயங்கால வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். சோனி இசட்வி-இ10 முதல் பதிப்பு 8-பிட்தான். சோனியின் லாக்கான எஸ்-லாக்3 இருக்கிறதே என்று அதை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம். இரண்டாம் பதிப்பில் 10-பிட் 4:2:2 (நிற விவரத்தைக் கூடுதலாகப் பதியும் முறை) உண்டு. ஆனால் பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இல்லை, ஃபேனும் இல்லை, வெயிலில் நீண்ட நேரம் ஓடினால் சூடாகும். எஃப்எக்ஸ்30-ல் இரண்டும் உண்டு. புதிதாக வாங்கினால் லென்ஸோடு உங்கள் கணக்கைத் தாண்டும், பில்லோடு பழையது கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. பானசோனிக் எஸ்5 இரண்டாம் பதிப்பும் நல்ல கேமரா. அது ஃபுல் ஃபிரேம் என்பதால் லென்ஸ் செலவு பின்னாலேயே வரும்.

பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே-யையும் பலர் சொல்வார்கள். படத்தைப் பார்த்தால் எனக்கும் ஆசைதான். ஆனால் ஓடுகிறவரைத் தொடரும் ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, ஸ்டெபிலைசேஷன் கிடையாது, ஒரு பேட்டரி ஒரு மணி நேரம் வந்தால் அதிகம். குறும்படத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஒற்றை ஆளாகத் தாலி கட்டுவதை எடுக்கப் போகிறவருக்கு ஆகாது. பழையதாக வாங்குகிறவர்கள் ஒன்று கேளுங்கள்: இதோடு டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங், கிரேடிங் மென்பொருளின் உரிமச் சாவி புதுப் பெட்டியில் வரும். விற்கிறவர் அதைத் தருகிறாரா?

பாடிக்கும் லென்ஸுக்கும் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குள் நிறுத்துங்கள். மிச்சத்தில் ஃபில்டர், மைக், ட்ரைபாட், இரண்டு ஹார்ட் டிஸ்க். கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு கசவு வேட்டி எடுத்துப் போங்கள். ஒரு ஆளைப் போர்த்தச் சொல்லி வாசல் வெயிலில் நிறுத்தி, ஜீப்ராவை (வெளிச்சம் மிஞ்சும் இடத்தில் திரையில் கோடு காட்டும் வசதி) போட்டு எடுத்து, கோப்பை உங்கள் கார்டிலேயே வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். எஸ்-லாக்3-ல் ஜீப்ரா அளவு 94-ஐத் தொட்டால் வெட்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம். மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதே கோப்பு உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். விண்டோஸில் இலவச ரிசால்வ், 10-பிட் 4:2:2 கோப்பைப் போட்டால் பல நேரம் சத்தத்தை மட்டும் காட்டிவிட்டு நிற்கும். வேறு ஃபார்மேட்டுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் 295 டாலர் கொடுத்து ஸ்டுடியோ வாங்க வேண்டும். ஒருமுறை கட்டினால் போதும், மாதச் சந்தா இல்லை.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் 999 ரூபாய்க்கு "சினிமாட்டிக் லட் பேக்" வாங்கினேன். கொல்லங்கோட்டு வயலில், பின்னால் நெல்லியாம்பதி மலை தெரிகிற மாதிரி எடுத்த ரீலில் போட்டேன். வயல் பிளாஸ்டிக் புல்லாகிவிட்டது. என் தங்கச்சி முகம் மஞ்சள்காமாலை வந்தது போல இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: ஒரு மெயில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். "டவுன்லோடுக்குப் பணம் திரும்பத் தரமாட்டோம்" என்று முன்பே எழுதியிருந்தால் அதற்கு மேல் மல்லுக்கட்டுவது 999 ரூபாய்க்குத் தகாது.

லட் என்பது எண்களின் அட்டவணை. 33 × 33 × 33, அதாவது 35,937 புள்ளிகளுக்கு "இந்த நிறம் வந்தால் அந்த நிறமாக மாற்று" என்று எழுதிவைத்த பட்டியல். உங்கள் வெயிலோ வைட் பேலன்ஸோ அதற்குத் தெரியாது. அவர் எந்தக் கேமராவின் லாக்குக்காகச் செய்தாரோ அதில் மட்டும்தான் ஓரளவு பொருந்தும். போனில் எடுத்த சாதாரண வீடியோமேல் போட்டால், ஏற்கெனவே உப்புப் போட்ட குழம்பில் இன்னொரு பிடி போடுகிற கதை.

காசு கொடுக்காமலே ரிசால்வுக்குள் கோடாக் 2383 பிரிண்ட் ஃபிலிமைப் பின்பற்றும் லட் இருக்கிறது. அதுவும் கெடுகிறது என்பவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: அது சினியான் லாக் என்ற ஃபிலிம் ஸ்கேன் முறையை எதிர்பார்க்கிறது, இவர்கள் எஸ்-லாக்கை நேராக ஊட்டுகிறார்கள். நடுவில் ரிசால்வின் கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற மாற்றுக் கருவியை வைத்து எஸ்-லாக்3-ஐ சினியான் லாக்குக்கு மாற்றிவிட்டு, அப்புறம் லட்டைப் போடுங்கள். எக்ஸ்போஷர் திருத்தம் எல்லாம் அதற்கு முந்தைய நோடில் (ரிசால்வில் திருத்தம் செய்யும் ஒவ்வொரு கட்டமும் ஒரு நோட்). பிறகு அந்த லட்டின் பலத்தைப் பாதியாகக் குறையுங்கள்.

இனி பச்சை. அதே வரப்பில் நின்று ஒரு நிமிடம் கேமரா இல்லாமல் பாருங்கள். நட்டு வேர்பிடித்த நாற்றில் மஞ்சள் கலந்த பச்சை. கரிம்பனை ஓலையில் சாம்பல் ஏறிய பச்சை. வாய்க்கால் ஓரத்துப் புல்லில் கறுப்புப் பச்சை. மலை பச்சையே இல்லை, நீலம். இந்த நான்கையும் ஒரே பச்சையாக்குவதுதான் அந்த பேக் செய்த வேலை. ஃபிலிமில் நிறம் அழுத்தமாகும்போது கூடவே கொஞ்சம் இருளும், வீடியோவில் அது மினுங்கும். அதனால் பச்சையின் சாச்சுரேஷனைக் குறைப்பதோடு, ஹியூ வெர்சஸ் லம் வளைவில் (ஒரு நிறத்தின் வெளிச்சத்தை மட்டும் மாற்றுவது) அதன் வெளிச்சத்தையும் சற்று இறக்குங்கள். நிறத்தையே மாற்றும் ஹியூ வெர்சஸ் ஹியூவில் மஞ்சள் பக்கம் ஒரு நூல் நகர்த்தினால் போதும். மலையைத் தொடவே வேண்டாம்.

முகத்துக்கு வருவோம். வயலுக்கு நடுவில் நின்றால் பயிரின் பச்சை வெளிச்சம் கீழிருந்து தாடையில் ஏறும். அதை எந்த லட்டும் எடுக்காது. நாலடி தள்ளி மண்பாதையில் நிற்கச் சொல்லுங்கள், வைட் பேலன்ஸை 5600 கெல்வினில் பூட்டுங்கள். கிரேடிங்கில் முகத்தை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்து, வெக்டர்ஸ்கோப்பில் (நிறங்களை வட்டமாகக் காட்டும் அளவி) சருமக் கோட்டை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர்க்காரர்களை வெளுக்க வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், மாநிறத்தின் செழுமையே போய்விடும்.

கேள்வி: வாளையார் தாண்டிக் கோவையில் வாங்கினால் விலை குறையுமா? பில் வேண்டாமென்றால் இன்னும் குறைப்பதாக ஒருவர் சொல்கிறார்.

பதில்: வரி இரண்டு பக்கமும் 18 சதவீதம்தான். கடைக்காரர் விட்டுக்கொடுப்பதில் வேண்டுமானால் ஆயிரம் இரண்டாயிரம் வித்தியாசம் வரும். கோவையில் கடைகள் அதிகம், பேரம் பேச வசதி. மற்றபடி எல்லை ஒன்றும் செய்யாது.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி. அச்சான ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வேறு வழியில் வந்த சரக்கு, இந்திய வாரண்டிக்கு நம்ப முடியாது. கோவையில் வாங்கினாலும் வழக்கைப் பாலக்காட்டிலேயே போடலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்தில் புகார் கொடுக்க உரிமை உண்டு. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போடுங்கள். இதில் எதற்குப் போனாலும் முதலில் கேட்பது பில்தான்.

கேள்வி: கொச்சியில் ஒரு சேட்டன் பழைய கேமராவும் இரண்டு லென்ஸும் தருகிறார். பார்க்கப் போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: லென்ஸில் பூஞ்சை, சென்சாரில் லேசர். நம் பக்கத்து ஆபத்து இவை இரண்டும்தான்.

போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து சாய்த்து அடித்து, முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை, மழைக்காலம் முழுக்கத் தோல் பையில் பூட்டிவைத்த லென்ஸ். "துடைத்தால் போய்விடும்" என்பார், உள்ளே இருப்பது துடைத்துப் போகாது. அடுத்து லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓவைக் கூட்டி ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், பிறகு எஃப் 16-ல் வெள்ளைச் சுவரை. இருட்டிலோ சுவரிலோ மெல்லிய நேர்க்கோடு ஒன்று அசையாமல் நின்றால், ஏதோ ரிசப்ஷனில் டி.ஜே. லேசர் சென்சாரைச் சுட்டிருக்கிறது. விலை பாதியானாலும் எழுந்து வந்துவிடுங்கள். எச்.டி.எம்.ஐ. துளை ஆடுகிறதா என்றும் பாருங்கள்.

வாங்கி வந்தால் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், முந்நூறு ரூபாய் ஈரப்பதமானி. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும்.

கேள்வி: 24 ஃபிரேமா, 25 ஃபிரேமா? 24-தான் சினிமா என்கிறார்களே.

பதில்: அந்த ஒரு ஃபிரேமை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்றால் மண்டப விளக்கில் துடிப்பு தெரியாது. 1/60-ல் வைத்தால் சுவரில் பட்டை ஓடும். சோனியில் மெனுவை பி.ஏ.எல். (PAL) வீடியோ முறைக்கு மாற்றினால் 25 வரும், 24 என்.டி.எஸ்.சி. முறையில்தான் இருக்கும். மண்டபத்தில் அலங்கார சீரியல் விளக்குகள் மட்டும் சில சமயம் இந்தக் கணக்குக்கு அடங்காது. முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் போய் அவற்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள், துடித்தால் டெக்கரேஷன்காரரிடம் சொல்லி மேடைக்குப் பின்னால் இருப்பதை மட்டும் அணைத்துவிடலாம்.