தேர்தல் குறித்த மாணவர் விளக்கவுரைகளை எப்படி அமைப்பது?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். தேர்தலும் வாக்குரிமையும் பற்றிய பாடத்துக்கு மாணவர்களை எட்டுக் குழுக்களாகப் பிரித்து விளக்கவுரை வழங்கச் செய்கிறேன். சென்ற ஆண்டு எல்லாக் குழுக்களும் ‘வாக்களிப்பது நம் கடமை’ என்பதையே வெவ்வேறு படங்களோடு சொல்லிவிட்டு அமர்ந்தன. அவர்கள் உண்மையில் எதையாவது கற்றுக்கொள்ள நான் எதை மாற்ற வேண்டும்? கட்சி அரசியல் வகுப்புக்குள் வந்துவிடுமோ என்ற அச்சமும் இருக்கிறது.

பதில்: குறை மாணவர்களிடம் இல்லை, தலைப்பில்தான் இருக்கிறது. ‘வாக்களிப்பதன் அவசியம்’ என்று கொடுத்தால், எல்லோரும் முன்பே ஒப்புக்கொண்ட ஒன்றைத் திரும்பச் சொல்வதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. ஒவ்வொரு குழுவுக்கும், தேடிப் பார்த்தாலொழிய விடை கிடைக்காத ஒரு கேள்வியைக் கொடுங்கள்.

குடவோலை முறையையே எடுத்துக்கொள்வோம். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசும் மாணவர், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்திலேயே நம்மிடம் தேர்தல் இருந்தது என்று பெருமையோடு முடித்துவிடுவார். ‘அந்தக் குடத்துக்குள் உங்கள் பெயர் இடம்பெற்றிருக்குமா?’ என்பதைக் கேள்வியாக்கிப் பாருங்கள். கால்வேலிக்குமேல் (வேலி என்பது பழைய நில அளவு) வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35 வயதுக்குமேல் 70 வயதுக்குள் இருத்தலும் தகுதிகளாகக் கேட்கப்பட்டன என்பதையும், முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர்களோடு அவர்களுடைய உறவினர்களும் விலக்கப்பட்டார்கள் என்பதையும் அவர்கள் தாமே கண்டுபிடிப்பார்கள். தகுதி பெற்றவர்களின் பெயர் எழுதிய ஓலைகளுள் ஒன்றைச் சிறுவன் ஒருவன் எடுத்ததால், அது வாக்களிப்பு அன்று, குலுக்கல்தான் என்பதும் அப்போது விளங்கும். சொத்தோ படிப்போ கேட்காமல் 21 வயது நிறைந்த அனைவருக்கும் வாக்குரிமை அளித்த 1951-52 பொதுத்தேர்தலையும், அந்த வயதை 18 ஆகக் குறைத்து 1989-இல் நடைமுறைக்கு வந்த 61-ஆவது திருத்தத்தையும் இதனோடு ஒப்பிட்டுப் பேசும் மாணவருக்கு, வாக்குரிமை எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நாம் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு குழுவுக்கு ஈரோடு மாவட்டத்தின் மொடக்குறிச்சித் தொகுதியைக் கொடுக்கலாம். 1996 சட்டமன்றத் தேர்தலில் விவசாயிகளின் எதிர்ப்பால் அங்கு 1,033 பேர் வேட்பாளர்களாக நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியிருந்தது. அதே ஆண்டில் சட்டமன்ற வேட்பாளரின் வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இப்போது பொதுப் பிரிவினருக்கு அது 10,000 ரூபாய். தொகையை உயர்த்துவது வேட்பாளர் கூட்டத்தைக் கட்டுப்படுத்துகிறதா, ஏழை வேட்பாளரைத் தடுக்கிறதா என்று இரு பக்கமும் வாதிட வேண்டும் எனச் சொல்லிவிடுங்கள். இதற்கு ஆயத்த விடை எங்கும் கிடைக்காது என்பதால் அவர்கள் யோசித்தே ஆக வேண்டும்.

வாக்கு எண்ணும் முறையை வகுப்பிலேயே நடத்திக் காட்டச் செய்வது மிகச் சிறந்தது. சுற்றுலாவுக்கு நான்கு ஊர்களை முன்வைத்து நாற்பது பேரும் வாக்களிக்கட்டும். 14, 11, 9, 6 என்று பிரிந்தால், 26 பேர் விரும்பாத ஊர் வென்றிருக்கும். முதல் இரண்டு ஊர்களுக்கு மட்டும் மீண்டும் ஒரு சுற்று நடத்தினால் முடிவு மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நோட்டாவைப் பற்றிய தவறான எண்ணமும் இங்கேயே தீரும். 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த அந்தப் பொத்தான் மற்ற எல்லாரையும்விட அதிக வாக்கு பெற்றாலும், சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் வேட்பாளர்களுள் முன்னிலை பெற்றவரே வெற்றி பெறுவார். நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூட இதைக் கேட்டு வியப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

வாக்குக்குப் பணம் என்ற பொருளைத் தவிர்க்காதீர்கள். ஆனால் ‘உங்கள் வீட்டில் வாங்கினார்களா?’ என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது என்பதை முன்னதாகவே விதியாக்குங்கள். கொடுப்பதும் வாங்குவதும் ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதால், மாணவரைத் தம் பெற்றோருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிடக் கூடாது. பணப்பட்டுவாடா காரணமாக ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை 2017-இல் தேர்தல் ஆணையமே ரத்து செய்தது. 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலை ஆணையத்தின் பரிந்துரையின்பேரில் குடியரசுத் தலைவர் ரத்து செய்தார். இந்த வேறுபாடு ஏன் என்று கேளுங்கள். மக்களவைப் பொதுத்தேர்தல் அறிவிக்கையை வெளியிடுபவர் குடியரசுத் தலைவர் என்ற விடையைத் தேடிச் செல்லும்போது ஆணையத்தின் அதிகாரம் முழுவதையும் படித்துவிடுவார்கள்.

கட்சி அரசியல் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. கட்சிகளின் பெயர் வரலாம்; எது நல்ல கட்சி என்ற தீர்ப்பு மட்டும் வரக் கூடாது. நடந்து முடிந்த நிகழ்வுகளையே எடுத்துக்கொள்வதும், சொல்லும் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்பதும் வகுப்பைப் பெரும்பாலும் நிதானத்தில் வைத்திருக்கும். உங்கள் சொந்தச் சாய்வையும் அன்று வெளிக்காட்டாதிருப்பது அவசியம்.

உங்கள் பகுதியின் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பெரும்பாலும் அங்கன்வாடிப் பணியாளராகவோ உங்கள் சக ஆசிரியராகவோ இருப்பார். ஒரு குழு அவரைச் சந்தித்து, பெயர் சேர்ப்பும் நீக்கமும் எப்படி நடக்கின்றன என்று கேட்டு வரட்டும். 17 வயது நிறைந்தவர் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-ஐ முன்கூட்டியே அளிக்கலாம் என்பதும், 18 வயது நிறைவைக் கணக்கிட ஆண்டுக்கு நான்கு தகுதி நாள்கள் உண்டு என்பதும் அவர்களுக்கே விரைவில் பயன்படும் செய்திகள்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரு குழுவுக்குப் பத்து நிமிடம் என்றால் நான்கு நிமிடம் பேச்சுக்கும் ஆறு நிமிடம் கேள்விகளுக்கும் ஒதுக்குங்கள். படங்களின் அழகுக்கு மதிப்பெண் வேண்டாம். ‘இதற்கு விடை தெரியவில்லை, நாளை பார்த்துச் சொல்கிறோம்’ என்று ஒப்புக்கொண்டு, மறுநாள் விடையோடு வரும் குழுவுக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.