பாகவதரின் தங்கத் தட்டும் மூன்று தீபாவளியும்

கேள்வி: அந்தக் காலத்து சினிமா நடிகரும் பாடகருமான எம்.கே.தியாகராஜ பாகவதரைப் பற்றி எங்கள் ஊர் நூலகத்தில் பேசப் போகிறேன். தங்கத் தட்டில் சாப்பிட்டார், ‘ஹரிதாஸ்’ படம் மூன்று வருஷம் ஓடியது, வெள்ளையர் காலத்தில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அவரை விடுதலை செய்தது என்றெல்லாம் சொல்கிறார்கள். எதை நம்பிச் சொல்வது?

பதில்: கதையில் எந்தத் துண்டு அச்சேறியிருக்கும் என்று முதலில் பாருங்கள். தேதி, தியேட்டர், கோர்ட் இதெல்லாம் காகிதத்தில் இருக்கும். சாப்பாட்டு அறையில் நடந்தது இருக்காது.

‘ஹரிதாஸ்’ 1944 அக்டோபர் 16, தீபாவளியன்று வெளியானது. சென்னை பிராட்வே தியேட்டரில் ‘மூன்று தீபாவளி கண்ட படம்’ என்பார்கள். அதுதான் வாய் மாறி மூன்று வருஷமாகிவிட்டது. விரல் விட்டு எண்ணுங்கள்: வெளியான அன்றே ஒரு தீபாவளி ஆயிற்று. 1945, 1946 தீபாவளிகளையும் தொட்டால் மூன்று. ஆக இரண்டு வருஷம் சொச்சம் போதும். வாரக் கணக்கு 110, 133 என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். மேடையில் எண் சொல்லியே தீரவேண்டும் என்றால், அந்த வருஷங்களின் நாளிதழ்களில் சினிமா விளம்பரங்களைத் தேடுங்கள். பிராட்வே விளம்பரம் எந்த வாரத்தோடு நிற்கிறதோ, அதைவிட நல்ல சாட்சி கிடையாது. எழும்பூர் கன்னிமாரா, தரமணி ரோஜா முத்தையா நூலகம் இரண்டிலும் கேட்டுப் பாருங்கள்.

பிரிவி கவுன்சில் கதை பாதி சரி. சினிமாக்காரர்களைப் பற்றிக் கிசுகிசு எழுதிய பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற பாகவதரையும் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனையும் அது விடுவிக்கவில்லை. மேல்முறையீட்டை மறுபடி விசாரிக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில் விடுதலை செய்தது உயர் நீதிமன்றம்தான். தெரிந்த வக்கீலிடம் சொன்னால் பழைய சட்டத் தொகுப்பிலிருந்து தீர்ப்பையே எடுத்துத் தருவார்.

‘வெளியே வந்தபின் படமே இல்லை’ என்பார்கள், அதையும் நம்பாதீர்கள். 1948இல் ‘ராஜமுக்தி’ வந்தது, அப்புறம் ‘அமரகவி’. ஓடவில்லை என்பது வேறு விஷயம். யார் நடித்தார், யார் பாட்டு எழுதினார் என்ற சந்தேகத்துக்குப் படத்தோடு விற்ற பாட்டுப் புத்தகத்தைப் பாருங்கள். கதைச்சுருக்கம் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நழுவிவிடும், ஆனால் நடிகர் பட்டியல் முழுசாக இருக்கும்.

சரி, தங்கத் தட்டு? சொன்னவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரா, கேள்விப்பட்டவரா என்று பாருங்கள். மூன்று புத்தகத்தில் இருக்கிறதே என்றால் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தால் அது ஒரே சாட்சிதான். ‘என்று சொல்வார்கள்’ என்பதைச் சேர்த்துக்கொண்டு தாராளமாகச் சொல்லுங்கள். முன்வரிசைத் தாத்தாக்கள் எப்படியும் அதைத்தான் எதிர்பார்த்து வருவார்கள்.