ஒரே 30 சதவீத கண்ணாடி நைலான், ஒன்று மட்டும் சூட்டில் சீக்கிரம் உடைவது ஏன்?

இரண்டு சப்ளையர்களின் நைலான் 66 பிளாஸ்டிக், இரண்டிலும் 30 சதவீதம் கண்ணாடி இழை, புதிதில் பலமும் ஒன்றுதான்; ஆனால் சூட்டில் கிடந்த பிறகு ஒன்று மட்டும் ஏன் உடைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இழையின் மேல் என்ன பூசியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு மோல்டிங் கம்பெனியில் தரப் பரிசோதனை என் வேலை. ரேடியேட்டர் டேங்க்கில் இதே சிக்கல் எங்களுக்கும் வந்தது.

தறியில் பாவுக்குக் கஞ்சி போடுவார்கள் இல்லையா, அதே மாதிரி உருகிய கண்ணாடியிலிருந்து இழை இழுக்கும்போதே அதற்கு ஒரு பூச்சு கொடுத்துவிடுவார்கள். பெயரும் அதேதான், சைஸிங். இழையின் எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் இருக்கும். இழைகளைக் கற்றையாகக் கட்டிவைக்க பாலியூரித்தேன் மாதிரி ஒரு பிசின், உராய்வைக் குறைக்கக் கொஞ்சம் மசகு, அப்புறம் சிலேன். இந்தச் சிலேன்தான் உயிர்நாடி. ஒரு முனை கண்ணாடியைப் பிடிக்கும், மறுமுனை நைலானைப் பிடிக்கும்.

வெறும் சூடான காற்று என்றால் பழியை முழுக்கப் பூச்சின் மேல் போடமாட்டேன். 150 டிகிரியில் ஆக்சிஜன் முதலில் கைவைப்பது மேல்பரப்பு நைலானில். அங்கே நைலானில் கலக்கும் காப்பர் உப்பு ஸ்டெபிலைசர்தான் காப்பாற்ற வேண்டும். சூட்டோடு தண்ணீரும், ரேடியேட்டர் கூலண்டில் இருக்கும் கிளைக்காலும் சேர்ந்தால் கதையே வேறு. நைலானுக்குள் ஊறி இழை ஓரம்வரை போய் அந்தப் பிடிப்பையே அறுத்துவிடும்.

எங்கள் டெஸ்ட் பார்களைப் பாதி கூலண்ட், பாதி தண்ணீரில் போட்டு, மூடிய கலனில் 130 டிகிரியில் வைத்து, பிறகு உடைத்தோம். உடைந்த முகத்தை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்த அன்றுதான் எனக்கு விஷயம் விளங்கியது. நல்ல கிரேடில் இழை மேல் நைலான் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. மற்றதில், ராகி அறுத்த கொல்லையில் தாள் நிற்பதுபோல் இழைகள் மொட்டையாக, வழவழவென்று நின்றன. பக்கத்திலேயே இழை உருவிக்கொண்டு போன குழிகள்.

நைலானை எரித்து மிஞ்சுவதை எடைபோடும் ஆஷ் டெஸ்ட் இதைக் காட்டவே காட்டாது. உலையில் பூச்சும் எரிந்துவிடும், மிஞ்சுவது கண்ணாடியின் எடை மட்டும். அதனால் கூலண்டைத் தாங்கும் பூச்சுள்ள இழைதானா என்று சப்ளையரிடம் நேரடியாகக் கேளுங்கள். 500 மணி, 1000 மணி ஊறிய பிறகு பலம் எவ்வளவு என்ற கணக்கையும் வாங்குங்கள். இழை வாங்கும் இடத்தை மாற்றினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சிக்கல் தந்த லாட்டில் நடந்தது அதுதான், சொல்லாமல் இழையை மாற்றியிருந்தார்கள்.